பெட்ரோல் என்று நான் எழுதிய சீட்டு

மகள் தெரேசுக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் வராமல் காரைக்காலில் உட்கார்ந்து நீ கவலைப்படுவாய் என்று உன் அம்மா தினமும் என்னைக் குடைகிறாள். நாங்கள் சௌக்கியம்தான். எனக்கு முட்டி வலி, அவளுக்கு என்னால் தலைவலி, வேறு விசேஷம் இல்லை. நான் எழுத உட்காராமலும் இல்லை. மூன்று தரம் உட்கார்ந்தேன். மூன்று தரமும் மழை, விலைவாசி, மாதா கோயில் திருவிழா என்று பக்கத்தை நிரப்பிவிட்டுக் கிழித்துப் போட்டேன். இந்த வயதில் காருக்கு அடியில் படுத்து எழுந்திருப்பதைவிட ஒரு காகிதத்தின் முன்னால் உட்கார்ந்து எழுந்திருப்பது எனக்கு அதிகக் களைப்பாக இருக்கிறது. இது நாலாவது தரம். இதையும் கிழித்தால் அப்புறம் எழுதவே மாட்டேன் என்று தெரியும், அதனால் கிழிக்கப் போவதில்லை.

அங்கே கன்னியர் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டும் என்கிறார்கள், உனக்கு ஆசை இருக்கிறது, மாப்பிள்ளையும் சரி என்று சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாய். நீ முன்பு புதுச்சேரியில் பிரெஞ்சுக்கார மதாம் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னதைக் கேள்விப்பட்டு, உன்னைப் பற்றி விசாரித்து அந்த அம்மாளுக்கே அவர்கள் கடிதம் போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே ஒரு வரி. "அவங்க என்ன பதில் எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கு அந்த அளவுக்குப் பிரெஞ்சு வராது அப்பா, அது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தானே." அந்த வரியைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் வயிறு சரியில்லை என்று சொன்னேன். பொய் சொல்லிப் பழகியவனுக்கு அதொன்றும் கஷ்டம் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உனக்குப் பிரெஞ்சு வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கார்புரேட்டர் காகிதத்தை நீ படித்ததில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. தப்பு முழுக்க என்னுடையது. நீ தப்பாகப் படித்தாய் என்று மதாமின் கணவர் முசியேயிடம் சொன்ன மறுநாளே எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன், நீ எந்த இடத்தில் உன்னையே சந்தேகப்பட்டாய் என்று எனக்குத் தெரியாது, எல்லா இடத்திலும் அதைத் துடைத்துவிட வேண்டும். முசியேயின் நீலக் கார் உனக்கு நினைவிருக்கும். இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார், முன்னால் முழ நீள மூக்கு, பின்னால் ஒன்றுமே கிடையாது. கடற்கரை ரோட்டில் அது போனால் காக்காய்கூட மரத்தைவிட்டுப் பறக்கும். அதன் கார்புரேட்டர் அடியில் விரிசல் விட்டுப் பெட்ரோல் கசிந்தது. நான் ஈயம் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. முசியே புதிதாக ஒன்றைப் பிரான்சிலிருந்து கப்பலில் வரவழைத்தார். வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் அது நம் நெல்லித்தோப்பு ஷெட்டுக்கு வந்தது, கூடவே நாலு பக்கத்துக்குப் பிரெஞ்சில் அச்சடித்த காகிதம். ஞாயிற்றுக்கிழமை பாகூர் வரைக்கும் சிநேகிதர்களோடு போட்டி ஓட்டம் வைத்திருக்கிறேன், அதற்குள் மாட்டிக் கொடு என்றார். நான் வேலை கற்றது சென்னையில், இங்கிலீஷ்காரன் பட்டறையில். இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பிரெஞ்சு எனக்கு இன்றைக்கும் வாசல் கதவோடு சரி. ஆகவே வியாழக்கிழமை உன்னைக் கூப்பிட்டு மரப்பெட்டி மேலேயே உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன்.

நீ ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாய். மிதவை எந்த உயரத்தில் நிற்க வேண்டும், எந்த வாஷரை எங்கே போட வேண்டும், எல்லாம். "காத்துக்குன்னு சின்னதா ஒரு ஸ்க்ரூ இருக்கும்பா. அதை முழுசா இறுக்கிட்டு, அப்புறம் ஒன்னரை சுத்து தளர்த்தணுமாம்" என்றாய். அப்படியே செய்தேன். நடுவில் நான் கார்புரேட்டர் என்று சொன்னபோதெல்லாம் உனக்குச் சிரிப்பு. "கார்புராத்தேர்னு சொல்லணும்பா" என்றாய். "தேரா? வடம் புடிச்சு இழுக்கணுமா?" என்று நானும் சிரித்தேன். ஷெட்டில் இருந்த ஆட்களும் சிரித்தார்கள். வெளியே சிரித்தேனே தவிர, உள்ளே சுருக்கென்றது. முப்பது வருஷமாக நான் கையில் பிடித்திருக்கிற சாமானுக்கு எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை என்று ஆட்களுக்கு முன்னால் ஆகிவிட்டதே என்ற வெறும் வீம்பு. அந்த வீம்புதான் பின்னால் எல்லாவற்றையும் செய்தது.

மாலை ஐந்து மணிக்கு மாட்டி முடித்தோம். டாங்கியில் அடி மட்டத்துக்குக் கொஞ்சம் பெட்ரோல் இருந்தது. கைப்பிடியை ஒரே சுற்று சுற்றினேன், இஞ்சின் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! நீ காதைப் பொத்திக்கொண்டு குதித்தாய். பிறகு டாங்கியை நிரப்ப வேண்டும். உப்பளத்தில் இருக்கிற எண்ணெய் டிப்போவுக்குச் சீட்டு அனுப்புவது எப்போதும் உன் வேலை. நீ பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து எனக்காக நீதான் எழுதுவாய், நான் தலையை நீட்டிக்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும், "நீ எழுத வேணாம், எனக்கே எழுதத் தெரியும்" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டேன். நீ முகத்தைச் சுருக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாய். சென்னையில் கற்ற எழுத்தில், பெரிது பெரிதாக, பெட்ரோல் இரண்டு டின் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, புஷ் வண்டி தள்ளுகிறவனிடம் நம் காலித் தகர டின்களையும் சீட்டையும் கொடுத்து அனுப்பினேன். ஊற்றி வந்தான். டாங்கியில் கவிழ்த்தேன். வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கார் பிடிக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றது. நாலு பேரை வைத்துத் தள்ளியபோது இருமிக்கொண்டு பிடித்தது. பிடித்ததும் வெள்ளைப் புகை, உள்ளே கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம், மேட்டில் ஏறச் சொன்னால் நின்றுபோயிற்று. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன், நனைந்து கிடந்தது. துடைத்து மாட்டினேன், மறுபடி நனைந்தது. மிதவை ஒட்டிக்கொண்டதோ என்று திறந்தேன், இல்லை. காற்று எங்காவது ஒழுகுகிறதோ என்று இடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினேன், ஒரு குமிழிகூட வரவில்லை. ஜெட் துளையை ஊதினேன். கார்புரேட்டரையே இரண்டு தரம் கழற்றி மாட்டினேன். வெயில் ஏறிவிட்டது. நீ எனக்குக் கஞ்சி கொண்டு வந்தாய். சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டாய்: "நேத்து சாயங்காலம் நல்லா ஓடிச்சேப்பா. அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?"

தெரேசு, முப்பது வருஷம் வேலை செய்தவன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. நான் கேட்கவில்லை. நீ கேட்டாய். நான் உன்னிடம், "கஞ்சிய வெச்சிட்டுப் போ. பொட்டச்சி வந்து எனக்கு மோட்டார் சொல்லித் தர வேணாம்" என்றேன். அந்த நேரத்தில்தான் முசியே தன் சிநேகிதர் ஒருவரோடு வாசலில் வந்து நின்றார். உனக்குத்தான் தெரியுமே, அவருக்குத் தமிழ் ஓரளவு வரும். என்ன ஆயிற்று என்று கேட்டார். அவர் பார்வை என் கை மேல் இருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது, களைப்பினால். அவர் வேறு மாதிரி நினைத்துக்கொள்வாரோ, இவனுக்கு வயதாகிவிட்டது, வேறு ஆளைப் பார்க்கலாம் என்று நினைப்பாரோ என்று பயந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "என் மேல தப்பு இல்ல முசியே. பொண்ணு அந்தக் காயிதத்தத் தப்பாப் படிச்சிட்டா. தளர்த்துன்னு போட்டிருக்கறத இறுக்குன்னு சொல்லிட்டா." நீ, "இல்லப்பா, நான் சரியாத்தான்..." என்று ஆரம்பித்தாய். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாய். முசியே சிநேகிதரிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தது. கஞ்சி லோட்டாவைத் தரையிலேயே வைத்துவிட்டுப் போனாய்.

அது வரைக்கும் அறியாமை. நிஜமாகவே நீதான் மாற்றிப் படித்துவிட்டாய் என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது, ஸ்க்ரூவை எப்படி எப்படியோ திருப்பியும் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை காலையில் வேறு வழி தெரியாமல், மிதவைக் கிண்ணத்தில் இருந்ததை உள்ளங்கையில் ஊற்றினேன். பெட்ரோல் என்றால் கை சில்லென்று ஆகும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். இது காயவில்லை. எண்ணெய்ப் பசையாகக் கையிலேயே நின்றது. முகர்ந்து பார்த்தேன். கிருஷ்ணாயில். நம் ஷெட்டில் சாமான் கழுவுவது கிருஷ்ணாயிலில்தான், அந்த வாடை சட்டையிலும் சுவரிலும் ஊறிக் கிடக்கும், அதனால் இரண்டு நாளாக யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நடந்தே உப்பளத்துக்குப் போனேன். டிப்போவில் ஒரு புதுக் குமாஸ்தா, பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். என் சீட்டைக் கம்பியிலிருந்து எடுத்துக் காட்டினான். "நீங்கதானே பெத்ரோல்னு எழுதியிருக்கீங்க? பெத்ரோல்னா கிருஷ்ணாயிலு. காருக்கு ஊத்தறது எசான்ஸ். உங்க சீட்டு எப்பவும் எசான்ஸுன்னுதானே வரும், இந்த வாட்டி ஏன் மாத்தினீங்க?"

எப்பவும் எசான்ஸ் என்றுதான் வரும். ஏனென்றால் எப்பவும் நீ எழுதுவாய். ஒரே பெயர், சென்னையில் ஒரு பொருளுக்கு, எல்லையில் கூட்ரோட்டைத் தாண்டி நம் ஊருக்குள் வந்தால் வேறு பொருளுக்கு. இரண்டு கொடிக்கு நடுவில் வாழ்கிறவனுக்கு இதுகூடத் தெரியவில்லை என்றால் எப்படி? ஆனால் தெரியாததில் ஒன்றும் வெட்கமில்லை. உனக்குத் தெரிந்ததால்தான் இத்தனை வருஷம் என் ஷெட்டில் கார் ஓடியிருக்கிறது, அதை நான் ஒரு நாளும் கவனிக்கவே இல்லை என்பதுதான் வெட்கம். டாங்கியைக் காலி செய்து, கழுவி, எசான்ஸ் ஊற்றினேன். ஸ்க்ரூவை நீ சொன்னபடியே முழுக்க இறுக்கி ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. மத்தியானம் முசியே வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். என்ன கோளாறு என்று கேட்டார். நிஜத்தைச் சொல்ல அப்போது ஒரு நிமிஷம் இருந்தது. "ஸ்க்ரூவத் திருப்பி வெச்சேன் முசியே, சரியாப் போச்சு" என்றேன். வெள்ளிக்கிழமை சொன்னதற்கு ஆண்டவரிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். சனிக்கிழமை சொன்னதற்குச் சாக்கு கிடையாது.

முசியே அதைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். இறுக்குவதற்கும் தளர்த்துவதற்கும் வித்தியாசம் தெரியாத பெண்ணா என் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள் என்று மதாம் உன்னை நிறுத்திவிட்டார். இங்கே கன்னியர் பள்ளியில் உனக்காகப் பேசுவதாகச் சொல்லியிருந்ததும் அதோடு போயிற்று. நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. அந்த நாலு பக்கக் காகிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தாய் என்று அம்மா பிறகு சொன்னாள். எங்கே தப்பு விட்டோம் என்று தேடியிருக்கிறாய். இல்லாத தப்பை எத்தனை நாள் தேடினாயோ. கோயிலில் பிரெஞ்சில் பாட்டு எடுப்பதை விட்டாய். சீட்டு எழுதச் சொன்னால், "யாராவது தெரிஞ்சவங்ககிட்ட எழுதிக்குங்கப்பா" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உனக்கு மாப்பிள்ளை பார்த்தேன். நல்ல பையன்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் உன்னைச் சீக்கிரம் அனுப்ப நான் துடித்ததற்குக் காரணம் அக்கறை இல்லை அம்மா. உன் முகத்தைத் தினமும் பார்க்க என்னால் முடியவில்லை.

அப்பன் என்ற முறையில் புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு, இருந்தாலும் சொல்கிறேன். யாராவது உன்னிடம் நீ தப்பு என்று அடித்துச் சொன்னால், சொல்கிறவன் முகத்தைப் பார். கத்துகிறானா, பயந்திருக்கிறானா என்று பார். நான் அன்றைக்கு இரண்டும் செய்தேன். உன் வீட்டில் நேற்று நன்றாக ஓடியது இன்றைக்கு நின்றுபோனால், மாப்பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன்னால், உன்னைக் குறை சொல்லிக்கொள்வதற்கும் முன்னால், நடுவில் என்ன செய்தோம் என்று நீ அன்றைக்குக் கேட்டாயே, அதைக் கேள். யாராவது வாயை மூடச் சொன்னாலும் கேள். உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்கள் முன்னால் தோற்றுப் போகப் பழகிக்கொள். நான் பழகவில்லை, அதற்கு நீ விலை கொடுத்தாய்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள், மதாமிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். முசியே சைகோனுக்கு மாற்றலாகிப் போய்விட்டார், மதாம் மட்டும் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே இருக்கிறார். அந்த அம்மாளுக்குத் தமிழ் வராது. வேலைக்காரன் கடைக்குப் போயிருந்தான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி, "மா ஃபீய், தெரேஸ், போன், போன்" என்றேன். என் மகள் நல்லவள் என்று அர்த்தமாம். அவர் சிரித்துக்கொண்டே "பேபே?" என்று ஏதோ கேட்டார். எனக்கு அந்தப் பாஷையில் முழுசாக வருகிற ஒரே சொல் "வுய்", அதாவது ஆமாம். அதைச் சொன்னேன். உள்ளே போய்க் கம்பளி நூலில் பின்னிய ஒரு குட்டித் தொப்பியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் போனவன் தொப்பியோடு திரும்பினேன். அம்மா சிரித்துவிட்டு அப்புறம் அழுதாள்.

பிறகு கோர்ட்டுக் கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "பெரியவரே, இதெல்லாம் எதுக்கு? உங்களுக்கே அசிங்கம். பொண்ணு கெட்டிக்காரி, ஒழுக்கமானவ, தயவு பண்ணணும்னு நான் அழகா எழுதித் தரேன்" என்றார். எழுதியும் விட்டார். வாங்கிக்கொண்டு வெளியே வந்து கிழித்தேன். தயவு வேண்டாம், நிஜம் போக வேண்டும். அதை மழுப்பாமல் பிரெஞ்சில் எழுதக் கூடியவர் எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார்.

ஆகவே அம்மா, உன்னிடமே கேட்கிறேன். நீயே எழுது. வெள்ளிக்கிழமை நான் அறியாமல் சொன்னேன், சனிக்கிழமை அறிந்தே பொய் சொன்னேன் என்று இரண்டையும் தனித்தனியாக எழுது. நான் எழுதிய சீட்டு, டிப்போவில் கொடுத்தது, நீ சொன்னபடி ஸ்க்ரூவை வைத்ததும் கார் ஓடியது, ஒன்றையும் விடாதே. எனக்கு வயதாகிவிட்டது, உடம்பு சரியில்லை என்றெல்லாம் எழுதி என்னைக் காப்பாற்றாதே. மன்னிப்பு என்ற சொல்லை ஒரு தரம் மட்டும் போடு, அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. எழுத்து உன்னுடையது என்று மதாமுக்குப் பார்த்தவுடன் தெரியும். தெரியட்டும். அதில் ஒரு பிழைகூட இருக்காது, அதையும் பார்க்கட்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு வெள்ளைத்தாள் மடித்து வைத்திருக்கிறேன். அதன் அடியில் என் கையெழுத்து இருக்கிறது. எழுதி நேராக அந்த அம்மாளுக்கே அனுப்பிவிடு, எனக்குக் காட்ட வேண்டாம். காட்டினாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. மேலே நீ என்ன எழுதினாலும் அது சரி என்று நான் முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் அப்பா